மணிக்கட்டில் கட்டிய பூ

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை என் சமையலறையில் தர்ஷினி ஒரு பாட்டிலைத் திறந்தாள். வேர்க்கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து அடைத்து விற்கிறார்களே, அதுதான். இப்போது தர்மபுரிக் கடைகளிலேயே கிடைக்கிறது. மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த தாளை அவள் கிழித்ததும் வாசனை வந்து மூக்கில் ஏறியது. நான் தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். வறுத்த கடலை வாசனை எனக்கொன்றும் புதிதில்லை, கடலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் இது வேறு. இதோடு கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, பனியில் நனைந்த கம்பளிக் கோட்டு ஹீட்டர் பக்கத்தில் காய்கிற வாசனை எல்லாம் எனக்குச் சேர்ந்து வரும். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் வருகிறது. தோசை தீய்ந்துபோனது.

தர்ஷினி என் தங்கை மஞ்சுவின் மகள். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவது சிரமம் என்று என் வீட்டில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். ரொட்டியில் அந்தக் கடலை விழுதைத் தடவிக்கொண்டே, "பெரியம்மா, ஒரு ஃபார்ம் இருக்குது. அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நீங்க சொன்னாத்தான் அம்மா போடும்" என்றாள். மாணவர் பரிமாற்றத் திட்டம். அடுத்த வருடம் முழுவதும் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடம் போகலாம். வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், உங்கள் உடன்பிறந்தவர்கள் இந்தப் பயணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. தர்ஷினி ஒற்றைப் பிள்ளை. அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தாள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா போக நான் நிரப்பிய ஃபார்மிலும் கிட்டத்தட்ட இதே கேள்வி இருந்தது. 'என் தங்கைக்கு மிகவும் மகிழ்ச்சி' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அது வேறு விஷயம்.

அப்போது நான் பதினொன்றாவது. நல்லம்பள்ளிப் பக்கம் எங்களுடையது காட்டு வீடு. ஊருக்கு வெளியே, நிலத்துக்கு நடுவில். அப்பாவுக்குத் தக்காளியும் கடலையும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது, முழுச்செலவும் அவர்களே ஏற்று அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்று. விளையாட்டுக்குத்தான் எழுதிப்போட்டேன். சேலத்தில் பரீட்சை, அப்புறம் சென்னையில் நேர்காணல். அங்கே போனால் எதற்கு ஏங்குவாய் என்று கேட்டார்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் குடும்பம், பண்பாடு என்று அழகாகச் சொல்லியிருப்பார்கள். நான் "களி" என்றேன். களி என்றால் என்னவென்று விளக்குவதிலேயே என் நேரம் முடிந்துவிட்டது. ராகி மாவைக் கிண்டுகிற மாதிரி கையை வேறு சுற்றிக் காட்டினேன். அந்தக் களிதான் என்னை விமானம் ஏற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தேர்வானது தெரிந்ததும் அம்மா அனுமதி கேட்டது அப்பாவிடம் இல்லை, தன் தம்பியிடம். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், உங்கள் பக்கத்து வழக்கம் எப்படியோ. எங்கள் பக்கம் அக்கா மகள் என்றால் அவள்மேல் தாய்மாமனுக்கு உரிமை உண்டு. எனக்குக் காது குத்தும்போது என்னை மடியில் வைத்திருந்த சேகர் மாமாவுக்குத்தான் நான் என்று அன்றே பேச்சு. மாமாவுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. நான் வீறிட்டு அழுததில் அவரும் சேர்ந்து அழுதாராம். இதில் எனக்குப் பெரிய வருத்தமும் கிடையாது, ஆசையும் கிடையாது. மழை பெய்யும், வெயில் அடிக்கும், மாமாவைக் கட்டிக்கொள்வேன், அவ்வளவுதான். மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் எனக்கும் மஞ்சுவுக்கும் ஹேர் கிளிப் வாங்கி வருவார். நல்ல மனிதர். அம்மா கேட்டதும், "ஒரு வருசந்தானேக்கா, போய்ட்டு வரட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வந்ததும் உனக்குத்தாண்டா" என்று அம்மா வாக்குக் கொடுத்தாள்.

அமெரிக்கா என்றால் வானத்தைத் தொடுகிற கட்டடங்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்தது நல்லம்பள்ளியைவிடச் சின்ன ஊர். சுற்றிலும் மக்காச்சோளக்காடு, நடுவே மாட்டுக்கொட்டகை. போனில் இதைச் சொன்னதும் மஞ்சு, "அதுக்கு நம்மூர்லயே இருந்திருக்கலாமே" என்று சிரித்தாள். அவளுக்கு எப்போதும் கணக்கு நேராக இருக்கும். பள்ளிக்கூடத்திலும் கணக்கில்தான் அவள் முதல். பத்தாவது முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கப்போவதாக வீட்டுச் சுவரில் பென்சிலால் எழுதியே வைத்திருந்தாள்.

நான் தங்கியிருந்தது லிண்டா வீட்டில். லிண்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை தொப்பியைத் தொட்டுக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் புத்தகம் வைக்க ஆளுக்கு ஒரு இரும்பு அலமாரி, அதற்கு எண் வைத்துத் திருகுகிற பூட்டு. எனக்கு அதைத் திறக்க வரவே இல்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பதினோரு நாள் அத்தனை புத்தகத்தையும் முதுகில் சுமந்து திரிந்தேன். இந்தியப் பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் பார் என்று வாத்தியார்கள் பேசிக்கொண்டார்களாம். சாப்பாட்டுக்குத் தினமும் அந்தக் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. கடலை விளைகிற ஊரிலிருந்து வந்தவள் என்று தெரிந்த பிறகு லிண்டா எனக்குத் தனியாக ஒரு பெரிய பாட்டிலே வாங்கி வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் என் அறை. எனக்கே எனக்கென்று ஒன்று, அதற்குக் கதவு, அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். பிறந்ததிலிருந்து அம்மாவுக்கும் மஞ்சுவுக்கும் நடுவில் படுத்தவள் நான். முதல் வாரம் பயத்தில் தூக்கமே வரவில்லை. இரண்டாம் வாரம் கதவைச் சாத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம் தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கதவு இல்லாமல் எப்படி வாழ்ந்தேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்கு இதைச் சொல்ல அவமானமாக இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லத் தைரியம் வருமோ என்னவோ.

அக்டோபரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. கால்பந்து ஆட்டம், அடுத்த நாள் நடன விருந்து. நடனத்துக்குத் தனியாகப் போகக்கூடாதாம். லிண்டா பக்கத்து வீட்டு ஈதனைச் சொல்லி ஏற்பாடு செய்தார். ஈதனுக்கு டிராக்டரைத் தவிர உலகத்தில் வேறெதிலும் ஆர்வம் கிடையாது. என்னைவிட அவன்தான் அதிகம் பயந்துபோயிருந்தான். அங்கே ஒரு முறை உண்டு. பையன் பெண்ணின் மணிக்கட்டில் ரிப்பன் வைத்த பூவைக் கட்டிவிட வேண்டும், பெண் பையனின் கோட்டில் ஒரு பூவைக் குத்திவிட வேண்டும். குட்டைப் பாவாடை போடமாட்டேன் என்று அடம்பிடித்து அம்மா கொடுத்தனுப்பிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன், மாம்பழக் கலரில் அரக்குக் கரை. புடவைக்குப் பொருத்தமாக ஈதனின் அம்மா மஞ்சள் ரிப்பனாகத் தேடி வாங்கியிருந்தார். வாசலில் நிற்கவைத்து அவர்தான் படம் எடுத்தார். நடுவில் நானும் ஈதனும், இந்தப் பக்கம் லிண்டா, அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர்.

அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புடவை ஒரு சுருக்கமில்லாமல் வந்திருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் நம் உடையை விடவில்லை என்று அம்மா பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சுப்போட்டு, பதினோரு பக்கக் கடிதத்தோடு தபாலில் அனுப்பினேன். பதினோரு பக்கத்தில் அந்தப் பூவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று தோன்றியது. நான் அனுப்பியது புடவையை. அங்கே பார்த்தது என் மணிக்கட்டை.

எங்கள் தபால்காரர் காட்டு வீடுகளுக்கு வரமாட்டார். ஊர் டீக்கடையில் கொடுத்துவிடுவார், போகிறவர்கள் வருகிறவர்கள் வாங்கிவருவார்கள். வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கவர் என்பதால் அப்பாவுக்கு ஆள் போய்ச் சொல்ல, அப்பாவே வந்து வாங்கியிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுமை இல்லை. பெருமை தாங்காமல் கடையிலேயே பிரித்து, "என் பொண்ணு, பாருங்க" என்று படத்தைக் கைமாற்றி விட்டிருக்கிறார். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவர் கைக்கும் போயிருக்கிறது. கடைசியில் இருந்தவர், "என்னாங்க இது, பாப்பாவுக்குக் கங்கணம் கட்டியிருக்காங்க?" என்று கேட்டாராம். கல்யாணத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை கையில் மஞ்சள் வைத்துக் கட்டுவோமே, அதுதான். மஞ்சள் ரிப்பன், முகூர்த்தப் பட்டு மாதிரி புடவை, பையன் நெஞ்சில் பூ, இரண்டு பக்கமும் பெரியவர்கள். இப்போது யோசித்தால், அந்தப் படத்தை யாரிடம் காட்டினாலும் வேறென்ன சொல்லியிருப்பார்கள்? அப்பா படத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமைப் போன் மாறியதுதான். அங்கே காலை, இங்கே சாயங்காலம். போன் கார்டைச் சுரண்டி, அதிலுள்ள நீள நம்பரை அழுத்தி அப்பாவின் செல்லுக்குப் பேசுவேன். அம்மா எதற்கும் "ம்" என்றாள். அப்பா, "நல்லா படி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார். போட்டோ வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு" என்றார்கள். புடவை எப்படி இருந்தது என்று கேட்டேன். பதிலே இல்லை. லைனில் கோளாறு என்று நான் இரண்டு தடவை கார்டு மாற்றினேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சு போனை எடுத்தாள். அம்மா மாடு பிடித்துக்கட்டப் போயிருந்தாளாம்.

"அக்கா, எனக்குக் கல்யாணமாம். மாமாவுக்கு. தை பொறந்ததும்."

எந்த மாமா என்று கேட்டேன். கேட்டேன் பாருங்கள்.

"சேகர் மாமாதான். நீ அங்கயே ஒருத்தனைக் கட்டிக்கிட்டியாம், ஊர்ல பேசறாங்க. மாமா வூட்டுல வந்து கத்துனாங்க. வாக்குக் குடுத்தாச்சு, மூத்தது போனா சின்னதக் குடுன்னு கேட்டாங்க. அம்மா சரின்னுடுச்சு."

ஈதனைப் பற்றி, பூவைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் இடையிலேயே நிறுத்தினாள். "அது எனக்குத் தெரியும்க்கா. நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறதப் பாத்தாலே தெரியுது. இப்ப அதில்ல. நீ அந்த அம்மாகிட்ட சொல்லு. வெளிநாட்டுக்காரங்க சொன்னா இங்க பயப்படுவாங்க. எனக்குப் பதினஞ்சுதான் ஆவுதுன்னு சொல்லு. மார்ச்சுல பரீட்சை இருக்குதுன்னு சொல்லு." அப்புறம், "அம்மா வருது" என்று வைத்துவிட்டாள்.

மார்கழியில் கல்யாணம் செய்யமாட்டார்கள். ஆக என் கையில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில், சின்ன வயதில் கல்யாணம் என்றால் போன் செய்ய என்றே நான்கு இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும், அது எனக்கு மனப்பாடம். லிண்டா இருந்தார். எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் மாதம் ஒரு தடவை வருவார். சொல்ல ஆள் இல்லை என்று மட்டும் நான் சொல்லவே முடியாது.

லிண்டாவே கேட்டார். அடுத்த நாள் காலை ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன என்றார். தங்கைக்குக் கல்யாணம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்து, "உன் தங்கைக்கு என்ன வயது?" என்று மெதுவாகக் கேட்டார். "சின்னப் பெண் என்றால் நான் சும்மா இருக்கமாட்டேன், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அவர்கள் இந்தியாவில் பேசுவார்கள்" என்றார்.

"பதினெட்டு" என்றேன்.

அப்படியானால் உனக்கு அவள் அக்காவா என்று கேட்டிருக்கலாம். என் வயது பதினாறு என்று அவருக்குத் தெரியும். அவர்கள் மொழியில் 'சிஸ்டர்' என்கிற சொல்லுக்கு அக்கா, தங்கை பேதம் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. முன்பு அவளைச் சின்னவள் என்று சொல்லியிருந்ததை அவர் மறந்திருக்க வேண்டும், அல்லது நான்தான் தப்பாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பாவைப் போலீஸ் பிடித்துப் போய்விடும் என்று பயம் என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். குடும்ப மானம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் லிண்டா 'இந்தியாவில் பேசுவார்கள்' என்றபோது என் மனதில் வந்து நின்றது அப்பா இல்லை. என் அறைக் கதவு. பிரச்சினை பெரிதானால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தத் தாழ்ப்பாள் போய்விடும் என்பதுதான் முதலில் வந்தது.

கல்யாணம் என்று எனக்குச் சொல்லியிருந்த நாளில் லிண்டா கேக் செய்தார். என் தங்கை கல்யாணத்தை நான் ஒருத்தி மட்டும் கொண்டாடாமல் இருப்பதா என்று. கடலைக்காட்டுப் பெண்ணுக்காக மேலே பூச்சு முழுக்கக் கடலை வெண்ணெய். அவர் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மஞ்சுவின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். வெளியே பனி கொட்டியது. வாசலில் மாட்டியிருந்த என் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூனில் திரும்பி வந்தேன். மஞ்சுவுக்கு நாலு மாதம். புடவை கட்டிக்கொண்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "இளைச்சிட்டியேக்கா" என்றாள். சேகர் மாமா என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை இறக்கிவைத்தார். ஈதன் ஈதன் என்று நான் விளக்கியதை அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி விடு, எல்லாம் முடிஞ்சிபோச்சு" என்றாள். எங்கள் முறைப்படி மாமன் மனைவி அத்தை. என்னைவிட ஒன்றரை வயது சின்னவளான என் தங்கை எனக்கு அத்தை ஆகிவிட்டாள். கேலி செய்ய ஏற்ற விஷயம்தான். எங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை.

அந்தப் படம் என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. சொந்தத்தில் யாரும் என்னைப் பெண் கேட்கவில்லை. அதனால் கல்லூரி போனேன், மேலே படித்தேன், இன்று ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன், பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன். மாமாவின் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது அவர் ஊருக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் சாமந்தி போடுகிறார்கள். மாமா அவளை ஒரு நாள் கைநீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. இதைச் சொல்லியே பல வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் பத்தாவது எழுதவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த மார்கழி போனைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

தர்ஷினியின் ஃபார்முக்காக அன்று மத்தியானமே மஞ்சு வந்தாள். மகள் டியூஷன் போயிருந்தாள். மஞ்சு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூன்று பக்கத்தையும் புரட்டினாள். தமிழில் இருந்ததை மட்டும் உதடசைத்து வாசித்தாள். எனக்கு என்ன ஆயிற்றோ, இனியும் இதை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"மஞ்சு, அன்னிக்கு நீ போன்ல சொல்லச் சொன்னியே. அந்தம்மா என்னைக் கேட்டாங்க. அவங்களாவே கேட்டாங்க, உனக்கு என்ன வயசுன்னு. நான் பதினெட்டுன்னு சொல்லிட்டேன்."

அவள் நிமிரவில்லை. "ஓ" என்றாள். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "இங்கயும் வந்தாங்கக்கா" என்றாள்.

"யாரு?"

"ஜீப்புல. ரெண்டு மேடம், ஒரு போலீசு. பந்தல் போட்ட அன்னிக்கு. எங்க கிளாஸ் டீச்சர் போன் பண்ணிட்டாங்க போல. பதினெட்டு ஆகாம கல்யாணம் பண்ணமாட்டேன்னு அப்பாகிட்ட எழுதி வாங்கிக்கிட்டாங்க. அப்பறம் என்னைத் தனியா கூப்ட்டுக் கேட்டாங்க. பயப்படாம சொல்லும்மா, உனக்குக் கல்யாணமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லீங்க, எங்க அக்கா அமெரிக்காவுல படிக்குது, அது நல்லபடியா திரும்பி வரணும்னு வேண்டுதல், சாமி கும்புடறோம், அதுக்குத்தான் பந்தல்னு சொன்னேன். போய்ட்டாங்க. நாலு நாள் கழிச்சு வேற ஊர் கோயில்ல வச்சு முடிச்சிட்டாங்க."

"அம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

"சாமி கும்புடறோம்னு மட்டுந்தான் அம்மா சொல்லச் சொல்லுச்சு. உன்னை நானா சேத்துக்கிட்டேன்."

ஏன் மஞ்சு என்று கேட்டேன்.

"உன்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. சரி, அக்காவுக்கு அங்க சொல்ல முடியாதபடி ஏதோ கஷ்டம்னு நெனச்சேன். கேஸாச்சுன்னா உன்னை அங்கிருந்து தொரத்திடுவாங்கன்னு அப்பா சொன்னாரு. நீயும் பாதியில வந்து நின்னா, நம்ம ரெண்டு பேருல ஒருத்தியும் மிச்சமில்லாம போயிருவோமேன்னு தோணுச்சு." ஃபார்மை மேசையில் வைத்துத் தடவிச் சரிசெய்தாள். "எங்கக்கா போடணும் கையெழுத்து? பேனா குடு. அவரு நாளைக்கு வந்து போடுவாரு."

தமிழில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கணும், பூப் பறிக்க ஆள் சொல்லணும் என்று கிளம்பிவிட்டாள்.

அந்த நாளில் இருந்தவை எதுவும் இப்போது இல்லை. லிண்டா மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோனார், வீட்டை விற்றுவிட்டதாக ஈதன் எழுதியிருந்தான். எங்கள் காட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார் ரோட்டை ஒட்டினாற்போல் மாடி வைத்த மெத்தை வீடு கட்டியாயிற்று, மஞ்சு பென்சிலால் எழுதிய சுவரும் அதோடு போயிற்று. டீக்கடை இருந்த இடத்தில் ரோடு அகலமாகியிருக்கிறது. இவை போனதற்கு நான் அழமாட்டேன். அந்த ஒரு வருடத்தை ஒரு பொய் சொல்லித் திருடிக்கொண்டேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். குற்றமானாலும் அது என்னுடையதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பத்தாவது படிக்கிற ஒரு பெண், ஜீப்பில் வந்தவர்கள் முன்னால் நின்று, அந்த வருடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் அமெரிக்கா கிளம்பிய அன்று மஞ்சு விமான நிலையத்துக்கு வரவில்லை. மாதத் தேர்வு இருந்தது. சென்னைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் அப்பா காரை நிறுத்தச் சொன்னார். அவள் ரெட்டை ஜடையோடு, கையில் கணக்கு நோட்டோடு வெளியே ஓடிவந்தாள். விரலெல்லாம் மை. பனி எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து எழுத வேண்டும், சும்மா வெள்ளையாக இருக்கிறது என்று எழுதி ஏமாற்றக்கூடாது என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். உள்ளே மணி அடித்தது. "அய்யோ, கணக்குப் பேப்பர் குடுத்துருவாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அந்த மஞ்சுவை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.